மாதத் தவணை யாருடைய கணக்கு? பிரிட்டிஷ் வீடுகளின் எரிசக்திக் கட்டணமும் அதைக் கேள்வி கேட்கும் உரிமையும்

2022 ஏப்ரலில் பிரிட்டனின் வீட்டு எரிசக்தி விலை வரம்பு 1,277 பவுண்டிலிருந்து 1,971 பவுண்டாக ஏறியது. வழமையான அளவில் மின்சாரமும் எரிவாயுவும் பயன்படுத்தும் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டில் ஆகும் செலவு இது. உயர்வு 54 விழுக்காடு. அந்த ஆண்டு பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், மாறும் கட்டணத்தில் டைரக்ட் டெபிட் வழியாகப் பணம் கட்டிவந்த 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மாதத் தவணை சராசரியாக 62 விழுக்காடு உயர்த்தப்பட்டிருந்ததை ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் பின்னர் கண்டறிந்தது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தவணை இரு மடங்கையும் தாண்டிப் போயிருந்தது. 54-க்கும் 62-க்கும் உள்ள இடைவெளிக்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம்: பழைய பாக்கி, கூடிய பயன்பாடு. ஆனால் விலை ஒன்றரை மடங்காகும்போது தவணை இரண்டு மடங்குக்கு மேல் ஏறினால், மிச்ச உயர்வுக்கு விலையைக் காரணம் காட்ட முடியாது. வேறு ஏதோ ஓர் எண் கணக்குக்குள் வந்திருக்கிறது. அது என்ன எண், யார் போட்டது, அதைக் கேட்க வீட்டுக்காரருக்கு உள்ள உரிமை எத்தகையது என்பதே இங்கு ஆராய வேண்டியது. மாதத் தவணை நிறுவனம் தன்னிச்சையாகப் போடும் மதிப்பீடு. அதை நிரூபிக்கும் பொறுப்பும் நிறுவனத்தையே சாரும். விதிகளும் ஏறத்தாழ அதையே சொல்கின்றன. ஆனால் கேட்டவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக நடைமுறை அதைச் சுருக்கிவைத்திருக்கிறது என்பது என் முடிவு.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க ஆள் வந்து, ஓடிய யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டிப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிராகத் தோன்றும். பிரிட்டனில் பெரும்பாலான வீடுகள் ஓடிய யூனிட்டுக்கு மாதந்தோறும் பணம் கட்டுவதில்லை. ஓராண்டில் இவ்வளவு ஆகும் என்று நிறுவனம் கணக்குப் போட்டு, அதைப் பன்னிரண்டால் வகுத்து, ஒவ்வொரு மாதமும் ஒரே தொகையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்கிறது; டைரக்ட் டெபிட் என்பது இதுதான். குளிர்காலத்தில் எரிவாயுச் செலவு எகிறும், கோடையில் அடங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வதுதான் நோக்கம். கோடையில் கணக்கில் சேரும் மிகுதிப் பணம் குளிர்காலத்தில் கரையும். ஆகவே இலையுதிர் காலத் தொடக்கத்தில் கணக்கில் நல்ல மிகுதியும், குளிர்காலம் கழிந்து மார்ச், ஏப்ரல் வாக்கில் பூஜ்யத்தை ஒட்டிய நிலையும் இருந்தால் தவணை சரியாக ஓடுகிறது என்று பொருள். செப்டம்பரில் 300 பவுண்டு மிகுதி இருப்பதைப் பார்த்துக் கோபப்படுவதும், ஏப்ரலில் அதே 300 பவுண்டு மிகுதி இருக்கக் கண்டும் பேசாமல் இருப்பதும் ஒரே மாதிரியான பிழைகள்.

கணக்கு கடினமானதல்ல. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான விலை வரம்பை எடுத்துக்கொள்வோம். சராசரியாக மின்சாரம் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், நாளொன்றுக்கான நிலைக்கட்டணம் 53.68 பென்ஸ், எரிவாயு யூனிட்டுக்கு 6.29 பென்ஸ், நிலைக்கட்டணம் 34.03 பென்ஸ். ஆஃப்ஜெம் அப்போது வழமையான குடும்பம் என்று வைத்துக்கொண்டது ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் எரிவாயுவும் செலவிடும் வீட்டை. பெருக்கிக் கூட்டினால் 1,755 பவுண்டு; மாதத்துக்கு ஏறக்குறைய 146. செய்தித்தாள்களின் தலைப்பில் வரும் ‘விலை வரம்பு’ இந்தக் கூட்டுத்தொகைதான். வரம்பு யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும் மட்டுமே உண்டு. ஒரு வீட்டின் மொத்தப் பில்லுக்கு உச்ச எல்லை எதுவும் கிடையாது. தவணைக்கோ வரம்பே இல்லை. விலையைப் பென்னியின் நூறில் ஒரு பங்கு வரை அளந்து கட்டுப்படுத்தும் ஓர் அமைப்பு, வீட்டுக்காரர் கையிலிருந்து உண்மையில் போகும் தொகையை நிறுவனத்தின் மதிப்பீட்டுக்கு விட்டுவைத்திருக்கிறது.

இதே வீட்டுக்கு மாதம் 190 பவுண்டு என்று ஒரு கடிதம் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 525 பவுண்டு கூடுதல். அதற்கு மூன்று விளக்கங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, கணக்கில் ஏற்கெனவே 525 பவுண்டு பாக்கி, அதை ஓராண்டில் வசூலிக்கிறார்கள். இரண்டு, பயன்பாடு கூடும் என்று கணித்திருக்கிறார்கள். அது முழுவதும் எரிவாயு என்றால் 8,300 யூனிட்டுக்கு மேல், அதாவது வழமையைவிட 70 விழுக்காட்டுக்கும் அதிகம். வீட்டில் ஆள் கூடாமல், கொதிகலன் மாறாமல் அப்படி ஆவது அரிது. மூன்று, இனி விலை ஏறும் என்று எதிர்பார்க்கிறார்கள். இந்த மூன்றில் எது, எவ்வளவு என்று கடிதத்திலேயே எழுதியிருந்தால் தகராறுகளில் பாதி எழாமலே போயிருக்கும். பல கடிதங்களில் புதிய தொகையும், அது தொடங்கும் தேதியும், உங்கள் பயன்பாட்டின் அடிப்படையில் கணக்கிட்டோம் என்ற ஒரு வரியும்தான் இருக்கின்றன.

‘உங்கள் பயன்பாடு’ என்ற அந்தச் சொற்களுக்குள் பிழை புக எத்தனையோ வழிகள் உண்டு. ரீடிங் அனுப்பாத மாதங்களில் நிறுவனம் ஊகித்து எழுதிக்கொள்கிறது. ஓர் ஊகம் தவறினால் அடுத்த ஊகம் அதன் மேலேயே நிற்கும். ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டதே என்று நிம்மதி கொள்ளவும் இடமில்லை. 2023 முடிவில் ஏறக்குறைய 40 லட்சம் ஸ்மார்ட் மீட்டர்கள் தானாகத் தகவல் அனுப்பும் நிலையில் இல்லை என்பது அரசாங்கத்தின் கணக்கு. புது வீட்டுக்குக் குடிபோனவருக்கு, முன்பு அங்கிருந்தவரின் ஆண்டுப் பயன்பாடே மதிப்பீடாக வந்து சேரும்; ஐந்து பேர் இருந்த வீட்டில் இருவர் குடியேறினாலும் முதல் தவணை ஐவருக்கானதுதான். பகல், இரவு என இரண்டு விலை உள்ள மீட்டரில் இரண்டு ரீடிங்கும் இடம் மாறிப் பதிவாவது உண்டு. எரிவாயுவில் இன்னொரு வினோதம்: பழைய மீட்டர்கள் நூறு கன அடியில் அளக்கின்றன, புதியவை கன மீட்டரில். ஒன்றை மற்றொன்றாகப் பதிந்துவிட்டால் பயன்பாடு 2.83 மடங்கு கூடியோ குறைந்தோ காட்டும். எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கன மீட்டர் எரிவாயு சுமார் 11 யூனிட். நூறு கன அடி என்றால் சுமார் 32 யூனிட். மீட்டர் முகப்பில் எந்த அளவை எழுதியிருக்கிறது என்று பார்த்து, பில்லில் உள்ள யூனிட்டை ரீடிங் வித்தியாசத்தால் வகுத்தால், பத்து ஆண்டுகளாக ஒருவரும் கவனிக்காத பிழைகூட ஒரு நிமிடத்தில் அகப்படும்.

விதிகள் இந்த விஷயத்தில் மௌனமாக இல்லை. நிறுவனங்களுக்கு வழங்கப்படும் உரிமத்தின் 27-ஆம் நிபந்தனை, நிலையான மாதத் தொகை எந்த அடிப்படையில் வந்தது என்பதை வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்கிறது; கையில் இருப்பதிலேயே சிறந்த, மிக அண்மைய தகவலைக் கொண்டே அதைக் கணக்கிட வேண்டும் என்கிறது; மிகுதிப் பணத்தைக் கேட்டால் திருப்பித் தர வேண்டும், மறுத்தால் நியாயமான காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. இது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்துக்குத் தனி ஆணையமும் தனி விதிகளும் உண்டு. காகிதத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும், 2022 ஜூலையில் ஆஃப்ஜெம் 17 நிறுவனங்களின் நடைமுறையை ஆராய்ந்தபோது ஐந்தில் மிதமானது முதல் கடுமையானது வரையிலான குறைகள் தென்பட்டன. வேறு பலவற்றில் சிறு குறைகள். தவணையை எப்படி நிர்ணயிக்கிறோம் என்பதற்கு முறையாக எழுதப்பட்ட வழிமுறையோ, அதைச் சரிபார்க்கும் மேற்பார்வையோ இல்லாத நிறுவனங்களும் அதில் இருந்தன. கணக்கு எப்படி வந்தது என்று தனக்கே எழுதிவைத்துக்கொள்ளாத நிறுவனம், கேட்கும் வாடிக்கையாளருக்கு எதை விளக்கும்? உயர்வை மறுத்துப் பேசுகிறவரை ‘கட்ட மனமில்லாதவர்’ என்று பார்க்கும் வழக்கத்துக்கு இந்த ஓர் ஆய்வே போதுமான பதில்.

நிறுவனங்களின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவர்களுடைய முதல் வாதம், தவணையைக் குறைவாக வைத்தால் குளிர்காலம் முடிந்ததும் பெரும் பாக்கி நிற்கும், அதை ஒரே மூச்சில் கட்ட முடியாத குடும்பங்களே அதில் அதிகம் அடிபடும் என்பது. உண்மைதான். 2025-இல் பிரிட்டிஷ் வீடுகளின் எரிசக்திப் பாக்கி மொத்தம் 400 கோடி பவுண்டைத் தாண்டியது. தவணையைக் குறைத்துக் கேட்டு வென்றவர், மே மாதத்தில் தோற்றவராக நிற்பதும் நடக்கிறது. ஆனால் இந்த வாதம் சரியான தவணைக்குத்தான் துணை நிற்கிறது. மறைத்துவைத்த கணக்குக்கு அல்ல. பாக்கி வந்துவிடும் என்று அஞ்சுகிற நிறுவனம் எதிர்பார்க்கும் பாக்கி எவ்வளவு என்று சொல்லலாமே. சொன்னால் வீட்டுக்காரரும் நம்பி ஒத்துக்கொள்வார், அல்லது தவறைச் சுட்டிக்காட்டுவார். இரண்டுமே நிறுவனத்துக்கு நல்லது. உண்மையிலேயே பாக்கி இருப்பவருக்கும் பேச உரிமை உண்டு: பாக்கியை வசூலிக்கும்போது அவருடைய கட்டும் திறனைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதும் உரிம நிபந்தனைதான். பன்னிரண்டு மாதத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று கல்லில் எழுதியிருக்கவில்லை. இன்னொன்று, பன்னிரண்டு மாதத்துக்கு முன் செலவான எரிசக்திக்கு, தவறு நிறுவனத்தின் பக்கம் இருந்தால், இப்போது பில் போட முடியாது. 2018 மே முதல் இது விதி. தவணை உயர்வுக்குக் காரணமாகக் காட்டும் பாக்கி அத்தகைய பழம் பாக்கியா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாதம், வரப்போகும் விலையையும் சேர்த்துக் கணக்கிடுவதில் என்ன தவறு என்பது. 2022 அக்டோபர் முதல் விலை வரம்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. இன்றைய விலையை மட்டும் வைத்து ஓராண்டைக் கணிப்பதும் பிழைதான். ஆனால் எதிர்கால விலை எவ்வளவு நிலையற்றது என்பதற்கு அதே 2022 சாட்சி. ஆகஸ்ட் 26 அன்று அக்டோபருக்கான வரம்பு 3,549 பவுண்டு என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 8 அன்று அரசாங்கம் குறுக்கிட்டு, வழமையான குடும்பத்துக்கு 2,500 பவுண்டு என்ற உறுதி விலையை அறிவித்தது. இடையில் வெறும் 13 நாள். 3,549-ஐ நம்பிப் போட்ட எந்தத் தவணையும் இரண்டு வாரத்தில் காலாவதியானது. அறிவிக்கப்பட்ட விலையைச் சேர்ப்பது ‘மிக அண்மைய தகவல்’. இன்னும் அறிவிக்காத விலையைச் சேர்ப்பது ஊகம். ஊகத்தின் இழப்பை யார் தாங்குவது என்பதே கேள்வி. விலை ஏறாவிட்டால் மிகுதியைத் திருப்பித் தருவோம் என்பார்கள். அதுவரை அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது?

இந்த இடம்தான் விஷயத்தின் கரு. ஆஃப்ஜெம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2018 அக்டோபரில் நிறுவனங்கள் தேவைக்கு மேல் பிடித்துவைத்திருந்த வாடிக்கையாளர் மிகுதி 140 கோடி பவுண்டு. வீட்டுக்குச் சராசரியாக 65 பவுண்டு. தனி ஒரு வீட்டுக்கு அற்பத் தொகை, சேர்ந்தால் வட்டியில்லாத பெருங்கடன். சீட்டுப் பிடிப்பவரிடம் பணம் கட்டுகிறவருக்குக்கூட எந்த மாதம் யார் எடுத்தார் என்று தெரியும்; இங்கே அதுவும் தெரிவதில்லை. இந்தப் பணம் நடப்பு மூலதனமாக உதவுவதால்தான் சிறு நிறுவனங்கள் போட்டியிட முடிகிறது, அதனால் எல்லோருக்கும் விலை குறைகிறது என்று ஒரு காலத்தில் வாதாடினார்கள். 2021 ஜூலைக்குப் பிறகு மொத்த விலை எகிறியபோது அந்த வாதத்தின் விலையும் தெரிந்தது. ‘பல்ப்’ என்ற நிறுவனத்தைச் சேர்க்காமலே 28 நிறுவனங்கள் விழுந்தன. 24 லட்சம் வாடிக்கையாளர்கள் இடம் மாற்றப்பட்டார்கள். அதற்கான செலவு 270 கோடி பவுண்டு, வீட்டுக்கு 94 பவுண்டு வீதம் எல்லோர் பில்லிலும் ஏறும் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2022 ஜூனில் மதிப்பிட்டது. விழுந்த நிறுவனத்தில் மிகுதி வைத்திருந்தவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது உண்மை. அதைத் தந்தது நிறுவனமல்ல, மற்ற வீடுகள். அதன் பிறகு ஒரு வாடிக்கையாளருக்கு 115 பவுண்டு என்ற அளவில் சொந்த மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற இலக்கை ஆஃப்ஜெம் கொண்டுவந்தது. நல்ல மாற்றம். ஆனால் மிகுதியை ஆண்டுக்கொருமுறை கேளாமலே திருப்பித் தர வேண்டும் என்று 2021-இல் அது முன்வைத்த யோசனை நடைமுறைக்கு வரவில்லை. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் அங்கேயே கிடக்கும் என்ற நிலைதான் தொடர்கிறது.

இவ்வளவு வழக்காடுவதைவிட டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2022-இல் ‘டோன்ட் பே’ என்ற இயக்கம் பத்து லட்சம் பேர் உறுதியளித்தால் அக்டோபர் 1 அன்று எல்லோரும் சேர்ந்து நிறுத்துவோம் என்று அறைகூவியது. அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. அரசியல் எதிர்ப்பாக அதற்கு ஒரு பொருள் உண்டு. தனி வீட்டின் தகராறுக்கு அது மோசமான கருவி. வங்கியில் நிறுத்துவது சுலபம். ஆனால் கடன் நிற்காது. பில் வந்த பிறகு கட்டும் முறைக்கு மாறினால் ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கும் மேல் கூடுதல் செலவாகும். கட்டாத தொகை கடன் பதிவேட்டில் ஏறும். பாக்கிக்காக முன்கட்டண மீட்டரைத் திணிக்கும் அபாயமும் உண்டு. நீதிமன்ற ஆணையோடு வீடு புகுந்து அத்தகைய மீட்டர்களைப் பொருத்திய விவகாரம் 2023 பிப்ரவரியில் பெரிதாகி, ஆணைகள் வழங்குவதே நிறுத்திவைக்கப்பட்டது நினைவிருக்கலாம். வங்கிகள் தரும் டைரக்ட் டெபிட் உத்தரவாதத்தையும் பலர் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். தொகை மாறும் முன் அறிவிப்பு, வழக்கமாகப் பத்து வேலைநாள். அறிவிக்காமலோ தவறாகவோ எடுத்தால் வங்கி உடனே திருப்பித் தரும். அறிவித்துவிட்டு எடுத்த தொகை நியாயமானதா என்று வங்கி தீர்ப்பளிக்காது. வேறு நிறுவனத்துக்கு மாறலாமே என்பதும் எப்போதும் கைகொடுக்காது. 28 நாளைக்கு மேற்பட்ட பாக்கி இருந்தால் பழைய நிறுவனம் தடுக்கலாம். தகராறில் இருப்பவருக்கே மாற்றம் அடைபட்டிருக்கும். ஓடியதற்கு மட்டும் மாதந்தோறும் கட்டும் மாறும் டைரக்ட் டெபிட்டைச் சில நிறுவனங்கள் தருகின்றன. குளிர்காலப் பில்லைத் தாங்கும் வருமானம் உள்ளவருக்கு அது நேர்மையான ஏற்பாடு, மற்றவர்களுக்கு ஜனவரி கொடுமையாகிவிடும்.

ஆகவே மிஞ்சுவது முறையான புகார். அன்றைய ரீடிங்கைப் படத்தோடு அனுப்பி, நான்கு எண்களைக் கேட்க வேண்டும்: அவர்கள் வைத்திருக்கும் மின்சார, எரிவாயு ஆண்டுப் பயன்பாடு, பொருத்திய விலைகள், இன்றைய மிகுதி அல்லது பாக்கி, எந்தத் தேதிக்குள் கணக்கைப் பூஜ்யமாக்கத் திட்டம் என்பது. கூடவே தன் கணக்குப்படி எவ்வளவு சரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘அதிகமாக இருக்கிறது’ என்பதற்குப் பதில் சொல்வது எளிது, ‘158 பவுண்டு போதும், காரணம் இது’ என்பதற்குப் பதில் சொல்லக் கணக்கு வேண்டும். இது புகார் என்று வெளிப்படையாக எழுதுவது முக்கியம். எட்டு வாரத்தில் தீராவிட்டால், அல்லது இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று நிறுவனம் எழுதிக் கொடுத்துவிட்டால், எரிசக்திக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை அப்படியே இருக்கும். இழப்பீட்டின் உச்ச எல்லை 10,000 பவுண்டு. தவணைத் தகராறுகளில் அதன் நிழலைக்கூட யாரும் தொடுவதில்லை.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் வலுவான மறுப்பு நிறுவனங்களுடையது அல்ல. பெருக்கவும் வகுக்கவும் எழுதவும் நேரமும் தைரியமும் உள்ளவருக்கே இதெல்லாம் உதவும் என்பதுதான் அது. மறுக்க முடியாத உண்மை. லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் உள்ள தமிழ் வீடுகளில் இத்தகைய கடிதங்களைப் பிள்ளைகள் படித்துச் சொல்லிப் பெரியவர்கள் முடிவெடுக்கிறார்கள்; தனியாக இருக்கும் முதியவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பணம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற ஆலோசனை அமைப்புகள் உதவும் என்றாலும், அங்கே போகவும் முதலில் ஐயம் எழ வேண்டும். ஒரு கேள்வி கேட்டால் மட்டும் நியாயம் கிடைக்கும் அமைப்பில், கேட்காதவர்களின் பணத்தில்தான் அமைப்பு வசதியாக ஓடுகிறது. தவணையை மாற்றும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்த நான்கு எண்களும் அச்சாகியிருக்க வேண்டும் என்று ஆஃப்ஜெம் கட்டாயமாக்கலாம்; எல்லாம் நிறுவனத்தின் கணினியில் ஏற்கெனவே இருக்கும் எண்கள்தான், செலவு ஒரு பத்தி மை. அந்தப் பத்தி வராதவரை, கணக்குக் காட்டாத உயர்வை நியாயமான உயர்வாக ஏற்க வேண்டிய கடமை எந்த வீட்டுக்கும் இல்லை. கடிதம் வந்த அன்றே மீட்டரைப் படமெடுத்து, புகாரை எழுத்தில் கொடுங்கள். எட்டு வாரம் அன்று முதல் எண்ணப்படும், குறைதீர்ப்பாளரிடம் போக ஒரு பென்னியும் செலவில்லை.